டவுன் போற இடத்துக்கு ஹை ஸ்ட்ரீட்டும் போகும்

கிளெண்டா ஆக்ராய்ட் தன் வாழ்நாளில் ஒரு கால்பந்து ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ரேவன்ஷா டவுன் அணி சொந்த மைதானத்தில் போட்ட கோல் ஒவ்வொன்றும் அவள் காதில் விழுந்திருக்கிறது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். மைதானம் ஊரின் கடைத்தெருவான ஹை ஸ்ட்ரீட்டின் கோடியில், அவளுடைய பை கடை அதே தெருவின் நடுவில். பை என்றதும் துணிப்பையைத் தேட வேண்டாம். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் மாவுக்குள் வைத்து மூடி ஓவனில் சுட்டு எடுப்பது. இங்கிலாந்தின் வட பக்கத்தில் அது வயிற்றுக்குள் போகாமல் எவனும் ஆட்டம் பார்க்கப் போக மாட்டான். அதனால் சனிக்கிழமை மதியம் ஊரே மைதானத்தில் இருக்கும்போது கிளெண்டா ஓவன் முன்னால் இருப்பாள்.

இருபத்து மூன்று வயதில் டெரெக் ஆக்ராய்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கடைக்குள் வந்தவள். டெரெக் மாரடைப்பில் போய்ப் பல வருஷமாகிறது. ஒரே மகள் ஆஸ்திரேலியாவில். கடையும் டவுன் அணியும்தான் அவளுக்கு மிச்சம். இரண்டும் வேறு வேறு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

கடிகாரத்தைப் பார்த்து அவள் ஓவனைத் திறந்ததில்லை. காதுதான் கடிகாரம். டவுன் கோல் போட்டால் வருகிற சத்தத்தில் அலமாரித் தட்டுகள் கடகடவென்று ஆடும். எதிரணி போட்டால் முதலில் ஒரு மௌனம், அப்புறம் பிரசவ வார்டு மாதிரி ஒரு முனகல். இடைவேளைக்குச் சற்று முன் கூட்டம் கழிப்பறைப் பக்கம் நகரும் சலசலப்பு வரும். அடுத்த தட்டை உள்ளே தள்ள அதுதான் நேரம். டவுன் ஜெயிக்கிற மாதிரி இருந்தால் இன்னொரு தட்டும் உள்ளே போகும், ஏனென்றால் ஜெயித்தவனுக்குத்தான் பசிக்கும். தோற்றவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நேரே மதுக்கடைக்குப் போவான்.

தெருவில் எவனும் ரேடியோ போட மாட்டான். எதற்குப் போட வேண்டும்? எதிர்ச்சாரியில் முடிவெட்டும் கீத் இருக்கிறானே, பாதி முடி வெட்டின ஆளை நாற்காலியில் அப்படியே விட்டுவிட்டு, கத்தரியோடு வாசலுக்கு வந்து கத்துவான்.

"கிளெண்டா! என்ன ஆச்சு?"

"ரெண்டுக்கு ஒண்ணு. நம்மதான்!"

"இப்ப ஏதோ பெருசா கேட்டுச்சே?"

"ரெஃபரி நம்ம கோலைக் குடுத்துட்டுப் புடுங்கிட்டான். போய் அந்த மனுசன் தலையை முடிச்சு விடு!"

ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொன்னதில்லை. மறுநாள் பத்திரிகையோடு சரிபார்க்கிற வழக்கத்தைத் தெரு என்றோ விட்டுவிட்டது.

இப்படிப்பட்டவள்தான் புது மைதானம் வேண்டும் என்று கொடி பிடித்தாள். கேட்டால் நம்ப மாட்டீர்கள். பழைய மைதானத்துக் கூரை ஒழுகியது, ஒரு பக்கப் படிக்கட்டையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள். இப்படியே போனால் கிளப்பையே மூட வேண்டியதுதான் என்று பேச்சு அடிபட்டது. அந்தச் சமயத்தில் பைபாஸ் சாலைக்கு அப்பால் புது மைதானமும் பக்கத்திலேயே பெரிய கடை வளாகமும் கட்டித் தருகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. கவுன்சில்காரர்கள் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினார்கள். தெருக்காரர்களுக்கும் ஒரு மிட்டாய் தந்தார்கள்: ஆட்ட நாளன்று ரயில் நிலையத்திலிருந்து ஹை ஸ்ட்ரீட்டுக்கும் மைதானத்துக்கும் இலவச பஸ் ஓடும். கூட்டம் இரட்டிப்பாகும், வியாபாரமும் இரட்டிப்பாகும்.

மாதா கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கீத் ஒருத்தன்தான் எழுந்தான்.

"மைதானம் மூணு மைல் தள்ளிப் போவுது. அங்கயே கடை, அங்கயே சாப்பாடு. அப்புறம் எந்த மடையன் இங்க வந்து முடி வெட்டிக்குவான்?"

கிளெண்டாவுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. கன்னத்தில் மாவோடு எழுந்தாள். "கிளப்பு சாகட்டும், உன் கத்தரி மட்டும் வாழணும்ங்கிறியா? வெக்கமா இல்ல? எங்க போனாலும் நம்ம பசங்கதானே!"

"பசங்க போவாங்க, அம்மணி. தெரு எப்படிப் போவும்? தெருவுக்கு என்ன காலா இருக்கு?"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் அவள் அதைச் சொன்னாள். கையை ஓங்கி, தொண்டை நரம்பு புடைக்க, கூடத்தின் கண்ணாடி அதிரச் சொன்னாள்:

"டவுன் போற இடத்துக்கு ஹை ஸ்ட்ரீட்டும் போகும்!"

அம்மாடி, என்ன கைதட்டல்! கீத் உட்கார்ந்துவிட்டான். கிளப்பின் போட்டோக்காரன் ஓடி வந்து அவளைப் படமெடுத்தான். கம்பெனி ஆள் ஒருவன் வந்து கையைக் குலுக்கி, "நீங்க சொன்னதை நாங்க உபயோகிச்சுக்கலாமா?" என்று கேட்டான். "தாராளமா!" என்றாள், பெருமை தாங்காமல். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மறுநாளே கடை கடையாகப் போய் ஆதரவுச் சுவரொட்டி ஒட்ட வைத்தாள். பூக்கடை, செருப்புக்கடை, பத்திரிகைக் கடை எல்லாம் அவள் முகத்துக்காக ஒட்டின. கீத்கூடக் கடைசியில் ஜன்னலில் ஒன்றை ஒட்டினான். "கிளெண்டா சொல்றா, ஒட்டுறேன்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

மைதானம் எழும்ப இரண்டு வருஷம் பிடித்தது. அதற்குள் வளாகம் முதலில் திறந்தது. செருப்புக்கடைக்காரன் மூடினான், பூக்கடைக்காரி மூடினாள். மீதிப் பேர் பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லாத நாளெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டு ஒரே ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்கள்: புது மைதானத்தில் முதல் ஆட்டம். அன்றைக்கு இலவச பஸ் ஓடத் தொடங்கும், கூட்டம் வந்து இறங்கும். கிளெண்டாவும் அதைத்தான் நம்பினாள். அன்றைக்கும் யாரும் வரவில்லையென்றால் கிறிஸ்துமஸோடு கடையைப் பூட்ட வேண்டியதுதான். அது அவளுக்கும் தெரியும், அவள் பேச்சைக் கேட்டு ஒட்டிய அத்தனை பேருக்கும் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து மாவு பிசைந்தாள். எல்லாத் தட்டும் நிறைத்தாள். வாசலில் டவுனின் பச்சை வெள்ளைத் துணியைக் கட்டினாள். மதியம் ஆயிற்று. ஒரு கிழவர் நாயோடு போனார். ஒரு பெண் வந்து, பணம் எடுக்கிற இயந்திரம் எங்கே என்று கேட்டாள். அது போய் ஆறு மாதமாகிறது.

கிளெண்டா வாசலுக்கு வந்தாள். கீத்தும் அவன் வாசலில் நின்றான்.

"பஸ்ஸு லேட்டு போல," என்றாள்.

"ம்," என்றான் கீத். அவன் இடத்தில் வேறு எவனாக இருந்தாலும் நாலு வார்த்தை கேட்டிருப்பான். அவன் கேட்கவில்லை.

அப்போது தெருக்கோடியில் ஒரு பஸ் தெரிந்தது. பச்சை வெள்ளைத் துண்டுகளோடு ஆட்கள் ஜன்னலெல்லாம் பிதுங்கி நின்றார்கள். பஸ்ஸின் நெற்றியில் பெரிய எழுத்தில் 'ஹை ஸ்ட்ரீட்' என்று எழுதியிருந்தது. கிளெண்டாவுக்கு உயிர் திரும்பி வந்தது. "வந்துட்டாங்கடா!" என்று கத்தினாள். பஸ் தெரு முனை வரை வந்தது, திரும்பவில்லை, அப்படியே பைபாஸ் பக்கம் போய்விட்டது.

வழி தெரியாதவன், புது டிரைவர் என்று நினைத்தாள். அடுத்த பஸ் வந்தது. அதற்கும் நெற்றியில் ஹை ஸ்ட்ரீட். அதுவும் போய்விட்டது. மூன்றாவதைக் கண்டதும் ஏப்ரனோடு தெரு முனைக்கு ஓடி, நடுச்சாலையில் போய்க் கையை விரித்து நின்றாள்.

டிரைவர் பிரேக் போட்டுக் கதவைத் திறந்தான். "என்னம்மா, சாவணும்னா வேற பஸ் கிடைக்கலியா?"

"நீ எங்கப்பா போறே?"

"எழுதியிருக்கே, படிக்கத் தெரியாதா? ஹை ஸ்ட்ரீட்டுக்கு."

"நீ நிக்கிறதே ஹை ஸ்ட்ரீட்டுலதான்டா!"

உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். டிரைவர் ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்த்தான். மூடின கதவுகள், வாடகைக்கு என்ற பலகைகள். அவன் முகத்தில் துளி குறும்புகூட இல்லை. "இதுவா? இது ஓல்டு ரோடு மாதிரில்ல இருக்கு. நான் சொல்றது ஹை ஸ்ட்ரீட்டும்மா. ஏறுங்க, காட்டுறேன். இலவசம்தான்."

கிளெண்டா கீத்தைப் பார்த்தாள். "கடையைப் பாத்துக்கோ!" என்று கத்திவிட்டு ஏறினாள்.

பஸ் பைபாஸைத் தாண்டி, கார்கள் வெயிலில் மின்னும் ஒரு பெரிய வெளிக்குள் நுழைந்தது. நடுவில் புது மைதானம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அதற்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். இறங்கினவள் இரண்டு அடி எடுத்து வைத்தாள், நின்றுவிட்டாள்.

எதிரே ஒரு தெரு இருந்தது. செங்கல் முகப்புகள், பழங்கால விளக்குக் கம்பங்கள், பதித்த கல் தரை. மைதான வாசலுக்கும் வளாகத்துக்கும் நடுவில் யாரோ ஒரு தெருவையே செய்து வைத்திருந்தார்கள். முடிவெட்டும் கடைக்கு அடையாளமாகக் கீத் கடை வாசலில் இருப்பது போலவே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட கம்பம் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதன் கீழே செல்போன் விற்றார்கள். கத்தரியும் இல்லை, நாற்காலியும் இல்லை, ஒரு மயிர்கூட அங்கே விழுந்ததில்லை! கொஞ்சம் தள்ளி 'பை ஷாப்' என்று தங்க எழுத்தில் ஒரு கடை. எங்கோ தொழிற்சாலையில் செய்து உறையவைத்ததைச் சூடாக்கி, காகிதப் பெட்டியில் கொடுத்தார்கள். வரிசை வளாகத்து வாசல் வரை நின்றது. அவளிடம் வருஷக்கணக்காக வாங்கித் தின்ற முகங்கள் அத்தனையும் அந்த வரிசையில் இருந்தன. பாவிகளா என்று அவள் வாய் முணுமுணுத்தது.

"கிளெண்டா! அட, கிளெண்டா!"

நார்மன். பக்கத்து ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர். அவர் அப்பா காலத்திலிருந்து ஆக்ராய்ட் கடை பைதான். கையில் காகிதப் பெட்டி, மீசையில் குழம்பு. ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கம்மா வெச்சிருக்கே கடையை? மூணு சுத்து சுத்திட்டேன், காணோம். கடைசில பசி தாங்காம இந்தக் கண்றாவியை வாங்கினேன். உள்ள இறைச்சி இருக்குதா, அட்டை இருக்குதான்னே தெரியல."

"கடை இருந்த இடத்துலதான் இருக்கு, நார்மன்."

"அதான் எங்கே? அந்தப் பக்கமா?"

"ஹை ஸ்ட்ரீட்டுல."

"இதான்மா ஹை ஸ்ட்ரீட்." நார்மன் அவளைக் கவலையோடு பார்த்தார். புத்தி ஏதும் தடுமாறிவிட்டதோ என்கிற பார்வை. "பழசை மூடிட்டு எல்லாரும் இங்க வந்துட்டீங்கன்னுதானே சொன்னாங்க? நீயேதானே சொல்லியிருக்கே!"

"நான் சொன்னேனா? யார்கிட்ட?"

நார்மன் பெட்டியோடு கையைத் தூக்கிக் காட்டினார்.

கிளெண்டா திரும்பினாள். தெருவின் நுழைவில் ஒரு பெரிய சுவர். சுவர் முழுக்க அவள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்கு அவள் முகம், கன்னத்தில் மாவு, ஓங்கின கை, பிளந்த வாய். அந்த வாயிலிருந்து புறப்படுகிற மாதிரி ஆள் உயர எழுத்துகள்:

'டவுன் போற இடத்துக்கு ஹை ஸ்ட்ரீட்டும் போகும்!' கிளெண்டா, பை கடை.

தலையில் இடி விழுந்தது என்பார்களே, அது சும்மா பேச்சில்லை. காது அடைத்துப் போயிற்று. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் போலிருந்தது. கிடைத்தது அந்தப் போலிக் கம்பம்தான். அதைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கைவிட்டு யாரும் போகவில்லை. அத்தனை பேரும் அவளைத் தேடிக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறார்கள். வழி காட்டியவள் அவளேதான். தெருவுக்குக் காலா இருக்கு என்று கீத் கேட்டானே, கால் வைத்து அனுப்பினதே அவள் வாய்தான்.

"பொய்!" என்று கத்தினாள். "நார்மன், பொய்! நாங்க யாரும் வரல! நான் அப்படிச் சொல்லல! சொன்னேன், ஆனா அந்த அர்த்தத்துல சொல்லல!"

ஆட்டம் தொடங்கப் போவதாக ஒலிபெருக்கி அழைத்தது. கூட வந்திருந்த பேரன்கள் நார்மனின் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஆட்டம் முடிஞ்சதும் பேசுவோம், கிளெண்டா. இங்கயே இரு, எங்கயும் போயிடாதே," என்று சொல்லிக்கொண்டே போனார். கூட்டம் மொத்தமும் வடிந்து உள்ளே போயிற்று. அவள் போகிறவர்களின் கையைப் பிடித்துப் பிடித்துச் சொன்னாள். "அது நான்தான், ஆனா அது பொய். கடை பழைய இடத்துலதான் இருக்கு. சூடா வெச்சிருக்கேன், வாங்க." சிலர் சிரித்தார்கள், சிலர் நெளிந்துகொண்டு விலகினார்கள்.

மஞ்சள் சட்டை போட்ட காவலாளி ஒருவன் வந்தான். நல்ல பையன்தான், குரலில் மரியாதை இருந்தது.

"அம்மா, இங்க நின்னு கத்தக் கூடாதுங்க."

"ஏன்? ஹை ஸ்ட்ரீட்டுல நிக்கிறதுக்கு எவன்கிட்டடா உத்தரவு வாங்கணும்? நான் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நிக்கிறேன்."

"இது தெரு இல்லீங்கம்மா. தனியார் இடம். கம்பெனி அனுமதி இல்லாம யாரும் கூடி நிக்கக் கூடாது."

"தெரு இல்லியா? அப்ப மேல என்னய்யா எழுதி வெச்சிருக்கீங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "அட! நீங்கதானா அது? எங்கம்மா நம்பவே மாட்டாங்க. ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"

பதிலுக்குக் காத்திராமல் அவன் பக்கத்தில் வந்து நின்று செல்போனை நீட்டி எடுத்துக்கொண்டான். அந்தப் படத்திலும் அவள் வாய் பிளந்துதான் இருந்திருக்கும்.

அந்த நேரத்தில் மைதானத்துக்குள்ளிருந்து டமடமவென்று பாட்டுச் சத்தம் கிளம்பியது. பெரிய பெரிய ஒலிபெருக்கிகள். கூட்டம் கத்தியதா, முனகியதா, ஒன்றும் கேட்கவில்லை. கிளெண்டா தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள். வாழ்க்கையில் இவ்வளவு கிட்டத்தில் அவள் ஆட்டத்தைக் கேட்டதில்லை.

"என்னாச்சு? கோலா? யாரு போட்டது?"

"தெரியலியேம்மா. இவனுங்க சும்மாவே பாட்டு போடுவானுங்க. விளம்பரமாக்கூட இருக்கும்."

திரும்பிப் போக பஸ் இல்லை. ஆட்டம் முடிந்த பிறகுதான், அதுவும் ரயில் நிலையத்துக்குத்தான் என்றார்கள். நார்மனுக்காக நிற்கவும் அவளுக்கு மனமில்லை. பைபாஸ் ஓரமாக நடந்தாள். நடைபாதை கிடையாது. லாரிகள் உரசிக்கொண்டு போயின. முதுகுக்குப் பின்னால் அந்தப் பாட்டு இரண்டு மூன்று தடவை கிளம்பி அடங்கியது. ஒவ்வொரு தடவையும் நின்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஒன்றும் புரியவில்லை. ஊருக்குள் வந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

கடைக்குள் கீத் கல்லாவுக்குப் பின்னால் அவளுடைய இன்னொரு ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"மூணு வித்துட்டேன்," என்றான் கீத். "மூணையும் நானே வாங்கித் தின்னுட்டேன். வயிறு கல்லு மாதிரி இருக்கு."

கிளெண்டா சுவரொட்டிகள் ஒட்டியிருந்த ஜன்னல் பக்கம் போய் நின்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். பஸ்ஸை, போலிக் கம்பத்தை, சுவரில் இருக்கிற வாயை, நார்மன் மூன்று சுற்று சுற்றியதை. கீத் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"என் கம்பமா?" என்றான் கீத் கடைசியில். "அதையுமா?" அவன் முகத்தில் ரத்தமே இல்லை. ஓவன் பக்கம் திரும்பினான். "இன்னொரு தட்டு ஓவன்ல வெக்காம விட்டுட்டேன், கிளெண்டா. எப்ப வெக்கணும்னு தெரியல. காது குடுத்துப் பாத்தேன். ஒண்ணுமே கேக்கல."

"ஆட்டம் முடிஞ்சிருக்கும்ல இந்நேரம்?"

"முடிஞ்சிருக்கும்."

கிளெண்டா கதவைத் திறந்து தெருவைப் பார்த்தாள். பத்திரிகைக் கடைக்காரர் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்த கூட்டமும் வரவில்லை, தோற்ற கூட்டமும் வரவில்லை. அந்தத் தெருவில் அவள் யாரிடமும் இதுவரை கேட்டிராத ஒன்றைக் கேட்டாள்.

"கீத், என்ன ஆச்சு? நம்ம ஜெயிச்சோமா?"

கீத் ஏப்ரனை அவிழ்த்துக் கல்லா மேல் வைத்தான்.

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான். "நான் எப்பவும் உன்னைத்தானே கேப்பேன்."